இறங்கிய பாட்டு திறக்காவிட்டால்

பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் ஆரோவில்லுக்குப் போகும் வழி. கிழக்கே நடந்தால் கடல். சாலையோடு வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். ஆடி பிறந்துவிட்டால் இந்தக் கரை நெடுக அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பு, வேப்பிலைத் தோரணம், கம்பத்தில் குழாய். விடியுமுன் செட்டுக்காரர் பென்டிரைவைச் செருகுவார். முதல் பாட்டு பாடும், இரண்டாவதும் பாடும். மூன்றாவது பாடாமலே நாலாவதுக்குத் தாவும். ஐந்தாவதில் ஆம்ப்ளிஃபயரின் சின்னத் திரை அப்படியே உறைந்து நிற்கும். முந்தின இரவெல்லாம் உட்கார்ந்து இறக்கிய பாட்டுகள் அவை.

அந்தச் செட்டுக்காரருக்கும், உப்பளத்தில் வரப்போரம் போனை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்பவருக்கும், ஊர்க் கூத்தை யாரோ பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது திறக்காமல் தவிப்பவருக்கும்தான் இந்த அத்தியாயம். பாட்டு திறக்கவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது மூன்று. ஃபைலை அழிக்கிறார்கள், அல்லது கார்டை ஃபார்மேட் செய்கிறார்கள், அல்லது 'பாட்டு ரிப்பேர்' என்று வரும் ஏதோ ஓர் ஆப்பை இறக்குகிறார்கள். மூன்றும் வேண்டாம். திறக்காத ஃபைல் பெரும்பாலும் செத்த ஃபைல் அல்ல. பாதிதான் வந்திருக்கும், பெயர் ஒன்றாகவும் உள்ளிருப்பு வேறாகவும் இருக்கும், பூட்டப்பட்டிருக்கும், அல்லது அதைப் படிக்கும் கருவிக்கு அந்த வகை தெரியாமல் இருக்கும். இவற்றில் எது என்று தெரிவதற்கு முன்னால் கைவைத்தால், மீட்கக்கூடியதும் போய்விடும்.

கைவைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாட்டு மறுபடி கிடைக்குமா? சினிமாப் பாட்டு கிடைக்கும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் கிடைக்கும். அவற்றுக்காக மெனக்கெட வேண்டியதில்லை, திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பாட்டி பாடிய தாலாட்டு, திரௌபதி அம்மன் கோவிலில் ஒருவர் செய்த பாரதப் பிரசங்கம், இன்றைக்கு உயிரோடில்லாத கூத்து வாத்தியாரின் குரல் ஆகியவை மறுபடி கிடைக்கா. இந்த அத்தியாயத்தின் பொறுமையெல்லாம் அவற்றுக்காகத்தான்.

எத்தனை எம்பி இருக்கிறது?

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். போனில் ஃபைலை அழுத்திப் பிடித்தால் 'விவரங்கள்' அல்லது 'ப்ராப்பர்ட்டீஸ்' வரும். கம்ப்யூட்டரில் வலது கிளிக். கணக்கு எளியது. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. 320 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 எம்பி. ஆகவே ஐந்து நிமிடப் பாட்டு 5 முதல் 12 எம்பி வரை இருக்க வேண்டும். சிடியிலிருந்து எடுத்த வேவ் என்றால் நிமிடத்துக்குப் பத்து எம்பிக்கு மேல். ஃப்ளாக் அதில் ஏறக்குறைய பாதி.

ஐந்து நிமிடப் பாட்டு 40 கேபி என்று காட்டினால் அது பாட்டே அல்ல. இணையதளம் பாட்டுக்குப் பதிலாக 'லாகின் செய்க' என்றோ 'பக்கம் இல்லை' என்றோ ஒரு பக்கத்தைத் தந்திருக்கும். பிரவுசர் அந்தப் பக்கத்தைப் பாட்டின் பெயரில் சேமித்திருக்கும். எந்த ரிப்பேரும் இதைப் பாட்டாக்காது. 0 கேபி என்று இருந்தால் பெயர் மட்டுமே வந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

அளவு பாதி அளவாக இருந்தால் இறக்கம் நடுவில் அறுந்திருக்கிறது. குரோமில் முடியாத இறக்கத்தின் பெயர் 'சிஆர்டவுன்லோட்' என்று முடியும், ஃபயர்ஃபாக்ஸில் 'பார்ட்' என்று முடியும். அந்த வாலை வெட்டிவிட்டு எம்பி3 என்று எழுதினால் முழுப் பாட்டாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. பிரவுசரின் டவுன்லோட் பட்டியலுக்குப் போய் 'ரெஸ்யூம்' கொடுங்கள். தளம் இடம் தந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லாவிட்டால் முதலிலிருந்து வரும்.

அறுந்த ஃபைலிலும் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு, இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எம்பி3 என்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அதற்கான குறிப்பு இருக்கிறது. ஆகையால் பாதி வந்த எம்பி3 பாதிவரை பாடும். எம்4ஏ அப்படியல்ல. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதற்குள் தனியாக இருக்கும், பல ஃபைல்களில் அது கடைசியில் இருக்கும். கடைசிப் பகுதி வராவிட்டால் அட்டவணை இல்லை. தொண்ணூற்றைந்து சதவீதம் வந்திருந்தாலும் ஒரு சொல்கூடப் பாடாது. போன் ரெக்கார்டரில் பதிவாகும் பலவும் எம்4ஏ. பதிவு முடியுமுன் சார்ஜ் போய் போன் அணைந்தால் நேரும் கதியும் இதுவே.

இந்தக் கரையில் இறக்கம் அறுவதற்குக் காரணங்கள் குறைவில்லை. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் இல்லாத நாளிலும் கரண்ட் போனால் டவர் தள்ளாடும். ஆகவே பெரிய தொகுப்புகளை இறக்கும்போது ஒரே ஜிப் ஃபைலாக இறக்காதீர்கள், பாட்டு பாட்டாக இறக்குங்கள். ஜிப்பின் அட்டவணையும் கடைசியில்தான் இருக்கிறது. அறுந்தால் அத்தனையும் திறக்காது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய இசைத்தட்டுகளை இறக்குபவர்களுக்கு அங்கே டாரன்ட் வழியும் உண்டு. அது ஃபைலைப் பகுதி பகுதியாகச் சரிபார்த்து, கெட்ட பகுதியை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். நெட் விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு அதுவே உத்தமம்.

உள்ளே இருப்பது என்ன?

அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், பெயரை நம்பாமல் உள்ளே பாருங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள் வெறும் சீட்டுதான், யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம். எம்பி3 என்ற அந்தச் சீட்டே 1995 ஜூலையில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் தங்களுக்குள் கலந்து பேசி முடிவுசெய்ததுதான். உண்மையான அடையாளம் ஃபைலின் முதல் சில எழுத்துகளில் இருக்கிறது.

விண்டோஸில் ஃபைலை நோட்பேடில் திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கலாக வரும். பயப்பட வேண்டாம். மேலே இடது மூலையை மட்டும் பாருங்கள். ஐடி3 என்று தொடங்கினாலோ, மேலே இரண்டு புள்ளி வைத்த ஒய் எழுத்தில் தொடங்கினாலோ அது எம்பி3. ஆர்ஐஎஃப்எஃப் என்றிருந்தால் வேவ். எஃப்எல்ஏசி என்றால் ஃப்ளாக். ஓஜிஜிஎஸ் என்றால் ஆக் அல்லது ஓபஸ். நாலு எழுத்து தள்ளி எஃப்டிஒய்பி என்று வந்தால் எம்4ஏ. ஆச்சரியக்குறி, கோணக்குறிகளோடு எச்டிஎம்எல் என்ற சொல் தெரிந்தால் மேலே சொன்ன இணையப் பக்கம். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் 'சேவ்' கொடுத்துவிட்டால் நல்ல ஃபைலும் கெடும்.

இதெல்லாம் தொல்லை என்று நினைப்பவர்கள் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு மூன்றிலும் இருக்கிறது. ஃபைலைக் காட்டினால் அது எந்த வகை, எத்தனை நிமிடம், எத்தனை கேபிபிஎஸ் என்று சொல்லிவிடும்.

வகை தெரிந்ததும் வேலை பாதி முடிந்தது. உள்ளே எம்4ஏ, பெயரில் எம்பி3 என்றால் பெயரை எம்4ஏ என்று திருத்துங்கள், போனில் பாடிவிடும். ஆனால் ஒன்று: பெயரை மாற்றுவதால் வகை மாறாது. எம்4ஏவுக்கு எம்பி3 என்று பெயர் வைத்துச் செட்டில் செருகினால் செட் ஏமாறாது. அதற்கு மாற்றியெழுத வேண்டும். விஎல்சியில் 'மீடியா' மெனுவுக்குள் 'கன்வர்ட்' இருக்கிறது. ஆடாசிட்டி திறக்கும் வகையானால் அதிலிருந்தும் எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யலாம். இரண்டும் காசில்லாதவை, விளம்பரமும் கிடையாது. எம்பி3க்கான காப்புரிமைக் கட்டணத்தை 2017 ஏப்ரலோடு ஃபிரான்ஹோஃபர் நிறுத்திவிட்டது. ஆகையால் எம்பி3 ஆக மாற்றக் காசு கேட்கும் ஆப் எதற்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெயர் மாற்றம் மட்டுமே பலிக்கும் இன்னோர் இடமும் உண்டு. வாட்ஸ்அப் குரல்பதிவுகள் ஓபஸ் என்ற பின்னொட்டோடு வருகின்றன. ஆண்ட்ராய்டு 10க்கு முந்தைய போன்களில் பல பிளேயர்கள் அந்தப் பின்னொட்டைக் கண்டு விலகும். அதையே ஓஜிஜி என்று மாற்றினால் பாடிவிடும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆக் பெட்டிக்குள் வைத்த ஓபஸ்தான். பழைய பட்டன் போன்களில் பதிவான குரல்கள் ஏஎம்ஆர் வகை. அவற்றை விஎல்சி திறக்கும், மாற்றியும் தரும்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்தியே சொல்ல வேண்டும். முதல் எழுத்துகள் எம்இசட் என்று இருந்தால் அது விண்டோஸ் நிரல், பாட்டல்ல. பெயர் 'எம்பி3' என்று முடிந்த பிறகு இன்னொரு புள்ளியும் 'இஎக்ஸ்இ' அல்லது 'ஏபிகே' என்றும் வந்தால் தொடாதீர்கள். விண்டோஸ் வழக்கமாகக் கடைசிப் பின்னொட்டை மறைத்தே காட்டும்; ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் பின்னொட்டைக் காட்டும் தெரிவைப் போட்டுவையுங்கள். கல்யாணப் பத்திரிகை, பாட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்கள் போனிலிருக்கும் ஓடிபியைத் திருடி வங்கிக் கணக்கைக் காலிசெய்யக்கூடியவை. பாட்டு எதையும் 'இன்ஸ்டால்' செய்யச் சொல்லாது.

விடியவிடிய நடந்த கூத்து

விழுப்புரம் மாவட்டம் கூத்துச் சீமை. திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் படிக்கும் நாட்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடிந்துதான் முடியும். அதைப் பதிவு செய்பவர்களுக்கு வரும் சிக்கல் தனி ரகம்.

எட்டு மணி நேரத்தை வேவ் ஆகப் பதிந்தால் ஏறக்குறைய 5 ஜிபி வரும். ஆனால் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சாதாரண வேவ் வகைக்கும் தன்னளவில் அதே எல்லைதான். நல்ல ரெக்கார்டர்கள் தாமாகவே 2 ஜிபியிலோ 4 ஜிபியிலோ ஃபைலை முறித்து அடுத்ததைத் தொடங்கும். சில கருவிகள் அப்படியே நின்றுவிடும். கர்ணன் விழும் நேரத்தில் பதிவு இருக்காது. மணிக்கொருமுறை கூத்தில் இடைவெளி கிடைக்கும்போது நிறுத்தி, புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பு. எம்பி3 ஆகப் பதிந்தால் 128 கேபிபிஎஸ்ஸில் எட்டு மணி நேரமும் 500 எம்பிக்குள் முடிந்துவிடும். முகவீணையின் கூர்மையும் மிருதங்கத்தின் அடியும் முழுதாக வேண்டுமென்றால் வேவ்தான், ஆனால் துண்டு துண்டாக.

ரெக்கார்டரின் பேட்டரி நடுவில் தீர்ந்துவிட்டால், ஃபைலின் அளவு 900 எம்பி என்று இருக்கும், பிளேயர் 0 விநாடி என்று காட்டும். இதைக் கண்டு பதிவே இல்லை என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். நெஞ்சு பதறுகிறது. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் 'ஒலி இவ்வளவு நீளம்' என்று ஓர் எண் எழுதப்பட வேண்டும். பதிவை முறைப்படி நிறுத்தும்போதுதான் கருவி அதை எழுதும். கரண்ட் போனதால் அந்த எண் பூஜ்யமாகவே நின்றுவிட்டது. ஒலி முழுக்க உள்ளே இருக்கிறது.

மீட்கும் வழி இது. முதலில் ஃபைலை இன்னோரிடத்தில் பிரதி எடுங்கள். ஆடாசிட்டியைத் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'இம்போர்ட்', அதற்குள் 'ரா டேட்டா'. 16 பிட், 'லிட்டில் எண்டியன்', ரெக்கார்டரில் ஸ்டீரியோ வைத்திருந்தால் இரண்டு சேனல், வேகம் 44100 அல்லது 48000. இறக்கி ஓட்டிப் பாருங்கள். குரல் தடித்து மெதுவாகக் கேட்டால் வேக எண்ணை மாற்றுங்கள். ஒரே இரைச்சலாகக் கேட்டால் 24 பிட் வைத்துப் பாருங்கள், அல்லது தொடக்க இடத்தை ஒரு பைட் தள்ளுங்கள். கட்டியக்காரன் குரல் சரியாகக் கேட்டதும் புதுப் பெயரில் வேவ் ஆகச் சேமித்துவிடுங்கள்.

எம்4ஏ ஆகப் பதிந்த போன் பாதியில் அணைந்திருந்தால் வேலை கடினம். அதே போனில், அதே ரெக்கார்டரில், அதே அமைப்பில் இன்னொரு சின்னப் பதிவைச் செய்து முறையாக முடித்து வையுங்கள். கெட்ட ஃபைலை மீட்கும் 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி அந்த நல்ல ஃபைலை மாதிரியாக வைத்துக்கொண்டு அட்டவணையை மறுபடி கட்டும். கம்ப்யூட்டர் பழக்கமுள்ளவரின் துணை வேண்டும். ஆனால் நடக்கக்கூடிய காரியம்.

தமிழில் வைத்த பெயர்

தமிழில் பெயர் வைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் கணக்கு தெரிந்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் உள்நினைவகத்தில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'பாடல்' என்பது ப, கால், ட, ல, புள்ளி என்று ஐந்து குறி, ஆகப் பதினைந்து பைட். எனவே பாட்டின் முதல் வரி, படம், பாடியவர், எழுதியவர், வருஷம் எல்லாவற்றையும் தமிழில் பெயராக வைத்தால் 85 குறியில் முட்டிக்கொள்ளும். விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அங்கே அதே பெயர் நன்றாக இருக்கும். போனுக்குப் பிரதி எடுக்கும்போதுதான் 'காப்பி ஆகவில்லை' என்று மொட்டையாகச் சொல்லும். பலரும் பாட்டு கெட்டுவிட்டது என்று நினைப்பது இங்கேதான். பெயரைச் சுருக்கினால் போதும்.

ஜிப்பில் கட்டி அனுப்பும்போதும் தமிழ்ப் பெயர்கள் சிதைவதுண்டு. பழைய ஜிப் மென்பொருள்கள் யூனிகோடைக் குறித்து வைக்காததால், பிரித்தவரிடம் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக வரும். கேள்விக்குறி உள்ள பெயரை விண்டோஸ் ஏற்காது, ஃபைலைப் பிரிக்கவே மறுக்கும். செவன்-ஜிப் கொண்டு பிரித்துப் பாருங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

செட்டின் திரையில் பாட்டின் பெயர் கோலமாகத் தெரிவதும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. ஃபைலுக்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எழுதிவைக்கும் ஐடி3 பகுதி 1996இல் தொடங்கியபோது பெயருக்கு 30 எழுத்து இடம்தான், அதுவும் ரோமன் எழுத்துக்கு. பின்னால் யூனிகோடு வந்தாலும் மலிவான செட்டுகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. யூனிகோடுக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டி வைத்த பெயர்கள் இன்றைய போனில் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் அவற்றைத் திருத்தலாம். சேமிக்கும்போது ஐடி3 2.3 வகையைத் தேர்ந்தெடுத்தால் பழைய கருவிகளும் தடுமாறாது. பாட்டுக்குள் பதித்த அட்டைப்படம் பெரிதாக இருந்தால் சில மலிவுக் கருவிகள் திணறும்; அதையும் அங்கேயே நீக்கலாம்.

ஆப்பில் இறக்கிய பாட்டு

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக் ஆகியவற்றில் 'டவுன்லோட்' அழுத்தினால் வருவது பூட்டிய ஃபைல். அந்த ஆப்புக்குள், அந்தக் கணக்கில், சந்தா இருக்கும்வரை பாடும். பென்டிரைவுக்குக் கொண்டுபோனால் எந்தச் செட்டும் பாடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் வராவிட்டால் இறக்கியவையும் பாடுவதை நிறுத்தும். கடலுக்கும் வெளியூருக்கும் போய்வருபவர்கள் கவனிக்க. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையும் 2009 வரை இப்படித்தான் பூட்டி விற்றது, பிறகு பூட்டை எடுத்துவிட்டது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கோடு இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. உடைக்கச் சொல்லும் ஆப்களை நான் சொல்லப்போவதில்லை. செட்டில் போட வேண்டிய பாட்டைப் பூட்டில்லாமல் விற்கும் இடத்தில் வாங்குங்கள், அல்லது வைத்திருக்கும் சிடியிலிருந்து எடுங்கள்.

போனில் பாடுகிறது, செட்டில் பாடவில்லை

இதுதான் செட்டுக்காரர்களின் அன்றாடத் தலைவலி. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் யூஎஸ்பி பலகை மிக மலிவானது. எம்பி3 நன்றாகப் படிக்கும், சிலவற்றில் வேவும் டபிள்யூஎம்ஏவும் படிக்கும், ஃப்ளாக்கும் எம்4ஏவும் பெரும்பாலும் தெரியாது. இன்டர்நெட் ஆர்கைவிலிருந்து இறக்கிய பழைய தட்டுப் பாட்டு 24 பிட் ஃப்ளாக்காக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். 44100 வேகம், 192 கேபிபிஎஸ் எம்பி3 என்று வைத்துக்கொண்டால் எந்தச் செட்டும் கைவிடாது. குழாயில் அதற்குமேல் இருந்தும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

பென்டிரைவே தெரியவில்லை என்றால் ஃபார்மேட் வகையைப் பாருங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பலவும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், செட்டுக்கும் பழைய கார் ஸ்டீரியோவுக்கும் ஃபேட்32தான் தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தெரிவு பெரும்பாலும் இருக்காது. செட்டுக்கென்று 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே சுலபம். பாட்டு வரிசை குழம்பினாலும் கவலை வேண்டாம். இந்தப் பலகைகள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் பாடும். விநாயகர் பாட்டை முதலில் காப்பி செய்யுங்கள்.

ஆரோவில் பக்கத்தில் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் பாட்டு ஏற்றி வாங்கிய பென்டிரைவைச் செட்டில் போட்டால், ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு திறக்காமல் தாவும். மேக், ஃபேட்32 பென்டிரைவில் எழுதும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் துணையாகப் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த இன்னொரு சின்ன ஃபைலை எழுதிவிடுகிறது. போனிலும் விண்டோஸிலும் அது மறைந்தோ நாலு கேபி ஃபைலாகவோ தெரியும். செட் அதையும் பாட்டு என்று எண்ணித் திறக்கப் பார்க்கும். பாட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அந்தப் புள்ளி-அடிக்கோடு ஃபைல்களை மட்டும் அழித்துவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் அழிக்கச் சொல்லும் ஃபைல்கள் இவை மட்டுமே.

உப்புக் காற்று

கடைசியாகக் கார்டும் பென்டிரைவும். உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். இந்தக் கரையில் அதிகாலைகளில் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். பென்டிரைவின் தகட்டில் படிந்த உப்புத்தூள் அப்படிக் கசிந்து, மெல்லிய தங்கப் பூச்சின் இடுக்கு வழியே உள்ளிருக்கும் செம்பைத் தின்னும். பச்சையாகப் பாசிபோல் தெரிவது அதுதான். அடையாளம்: ஒரு முறை செருகினால் தெரியும், மறுமுறை தெரியாது, நேற்றுப் பாடிய பாட்டு இன்று நடுவில் நிற்கும், அசைத்தால் பாடும்.

மருந்துக்கடையில் ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தகட்டைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். கார்டின் தகட்டைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்க்கலாம். மண்ணெண்ணெய், உப்புத்தாள், ஈரத்துணி மூன்றும் ஆகாது. செருகும் பொந்தையும் துடைக்க மறக்காதீர்கள். கார்டு சுத்தமாக இருந்து பொந்து துருப்பிடித்திருந்தால் புதுக் கார்டும் இரண்டே மாதத்தில் கெடும். மூடி இறுக்கமான டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் போதும்.

துடைத்தும் பயனில்லை, முதலில் ஏற்றிய பாட்டுகள் பாடுகின்றன, பின்னால் ஏற்றியவை மட்டும் அளவு சரியாகக் காட்டியும் திறக்கவில்லை என்றால் கார்டு போலியாக இருக்கலாம். 8 ஜிபி கார்டை 128 ஜிபி என்று சொல்லும்படி எழுதி விற்கிறார்கள். நிரம்பியபின் ஏற்றியதெல்லாம் பெயராக மட்டும் இருக்கும். உள்ளதைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவியால் சோதித்தால் உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும். அந்தக் கார்டில் தொலைந்தது திரும்பாது, எங்கும் எழுதப்படவே இல்லை.

'ஃபார்மேட் செய்யவும்' என்று கம்ப்யூட்டரே கேட்கும் கார்டில் மட்டும் நம்பிக்கை இருக்கிறது. 'கேன்சல்' கொடுங்கள். அதன்பின் அந்தக் கார்டில் ஒரு ஃபைல்கூடப் புதிதாக எழுதாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெயரில் போட்டோ இருந்தாலும் எம்பி3, வேவ், எம்4ஏ எல்லாவற்றையும் அவற்றின் முதல் எழுத்துகளைத் தேடிக் கண்டெடுக்கும். மீட்டதை வேறு டிஸ்கில் சேமிக்கச் சொல்லுங்கள். பெயர்கள் போய் எண்களாக வரும். கேட்டுக் கேட்டுப் பெயர் வைக்க வேண்டியதுதான்.

செல்கடையில் கொடுப்பதானால் முதலிலேயே பேசிவிடுங்கள். கவுன்டரில் இருக்கும் தம்பி, "அண்ணே, கார்டு எரர் காட்டுது, ஃபார்மேட் பண்ணிக் குடுத்துடட்டுமா?" என்று நல்ல மனதோடுதான் கேட்பார். "வேணாம் தம்பி. இதுல எங்கப்பா பாடுனது இருக்கு. மொதல்ல உள்ள இருக்கறத அப்படியே வேற டிஸ்க்குல எடு, கார்டுல எதையும் எழுதாத" என்று சொல்லுங்கள். அவரால் முடியாது என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பதிவை உங்களுக்கு அனுப்பியவரிடமும் கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததாக இருந்தால் அவர் போனில் இன்னும் இருக்கக்கூடும். திரும்ப அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், பெயர் மாறாமல் வரும். கிடைத்ததும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று இங்கே வீட்டில், இன்னொன்று திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கடலுக்குத் தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடியுமுன், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், இரண்டையும் செருகி ஓட்டிப் பாருங்கள்.